அக்காவின் பதிலை நான் மாற்றிச் சொன்னேன்

பழவேற்காடு ஏரிக்குள் இறங்கிவிட்டால் எங்கள் தெருப் பெண்களுக்கு வாய் கிடையாது. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் இறால் பிடிப்பார்கள். எங்களிடம் வலையும் இல்லை, படகும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். விரலில் இறால் முட்டியதும் அமுக்கிப் பிடித்து, வாயில் தொங்கும் பறிக்குள் போட வேண்டும். வாயில் பறி, கை சேற்றுக்குள். பேசுவதற்கு மிச்சம் இருப்பது முகம் மட்டும்தான்.

அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பேசாத பேச்சில்லை. இரண்டு புருவமும் ஏறினால், அங்கே இறால் இருக்கிறதா என்று கேள்வி. ஒரு புருவம் மட்டும் ஏறினால், கொஞ்சம்தான் இருக்கிறது என்று பதில். கண்ணை இறுக்கி மூடித் திறந்தால், கெளுத்தி கிடக்கிறது, முள்ளுக்கு ஜாக்கிரதை. மூக்கை விடைத்தால் பேச்சு இறாலைப் பற்றியதே அல்ல, கரையில் நிற்கிற யாரோ ஒருவரைப் பற்றியது. உடனே வரிசை முழுக்க மூக்கு வழியாகச் சிரிப்பு கிளம்பும். பறியை நழுவவிடாமல் சிரிப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

பறிக்கு ஒரு கயிறு உண்டு, கழுத்தில் மாட்டியிருக்கும். வேலை முடிந்ததும் வாயைத் திறந்து பறியை நெஞ்சில் விழவிட்டு, முகவாயைக் கரைப் பக்கம் தூக்குவார்கள். போதும், கரையேறலாம் என்று அர்த்தம். எங்கள் தெருவில் நடக்கப் பழகாத குழந்தைக்குக்கூட இது தெரியும். அம்மா வருகிறாள், பால் கிடைக்கும் என்று அதற்குச் சந்தோஷம்.

என் அக்காவுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் போய்விட்டது என்று அம்மா சொல்வாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். தெருவில் அவளை ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது என்பது கூப்பிடுகிறவர்களுக்கு உறைக்கவே உறைக்காது.

தண்ணீருக்குள் மட்டும் அவள் ஊமைச்சி இல்லை. அங்கே எல்லோரும் அவளைப் போலத்தான். பத்து வயதிலேயே அம்மாவுக்கு ஜோடியாக இறங்கிவிட்டாள். ஜோடி இல்லாமல் ஏரியில் இறங்கக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். சேறு எங்கே உள்வாங்கும் என்று யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் கரையேறியதும் அந்த முகப்பேச்சைத் தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துப் போட்டுவிட்டு வாயைத் திறந்துகொள்வார்கள். அக்காவுக்கு நாள் முழுக்க அதுதான் பேச்சு. அதோடு தானாக நிறைய சேர்த்துக்கொண்டாள். மளிகைக் கடைக்காரரின் பாதி மூடிய இமை, ரேஷன் கடை ஆளின் கொட்டாவி, என் டீச்சர் கண்ணாடிக்கு மேலே பார்க்கும் பார்வை எல்லாம் அவள் முகத்தில் வந்து போகும். பேசும்போது கை இரண்டும் சும்மா தொங்கும். கை இருப்பது வேலை செய்ய என்று நினைத்திருந்தாள்.

அவள் சொல்வதை முழுக்கப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அம்மாவுக்கு ஏரிக்குள் தேவைப்படுகிற அளவு தெரியும். எனக்கு அதற்கு மேலே எல்லாம் தெரியும். யாராவது அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம்கூட இருந்தது.

இப்போது நான் பொன்னேரியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து படித்து டீச்சரானவள் நான் ஒருத்திதான் என்று என்னைக் காட்டிப் பெருமையாகப் பேசுவார்கள். அப்போதெல்லாம் எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். நான் படித்ததற்கு அக்கா படிக்காததுதான் காரணம். அது எப்படி நடந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது பட்டணத்திலிருந்து ஒரு டீச்சர் எங்கள் தெருவுக்கு வந்தார். காது கேளாத பிள்ளைகளுக்கு என்று ஒரு பள்ளி, ஹாஸ்டலோடு சேர்ந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சேற்றில் நடந்து வந்தார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மாவும் அக்காவும் அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தார்கள். ஈரப் பாவாடையோடு அக்கா நின்றாள். வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். டீச்சர் அக்காவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் என்னென்னவோ காட்டினார். அக்கா அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்து, கண்ணை உருட்டினாள். இந்தம்மா என்ன, ஈ ஓட்டுதா என்று அர்த்தம். நான் சிரித்துவிட்டேன். டீச்சருக்கு ஏன் என்று தெரியவில்லை. அவர் அக்காவின் கை எப்போது அசையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவே இல்லை.

"சைகை எதுவுமே வரலையேம்மா. வீட்ல எப்படிப் பேசுவீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அதுவா, மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சிடும் டீச்சரம்மா," என்றாள் அம்மா.

டீச்சர் அதைத் தாய்ப் பாசத்தில் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அம்மா சொன்னது அப்பட்டமான உண்மை. அதை விளக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் முகம் படிக்கத் தெரியும் என்றுதான் எங்கள் தெரு நினைத்திருந்தது.

டீச்சர் ஒரு போட்டோ ஆல்பத்தைத் திறந்து அக்காவிடம் காட்டினார். நீலச் சீருடையில் பெண் பிள்ளைகள் வரிசையாக நின்று கையைத் தூக்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தையல் மிஷின். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு கட்டில், கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி. அக்கா அந்தக் கட்டில் படத்தில் விரலை வைத்து அப்படியே நின்றாள்.

நைனா செங்கல் சூளைக்குப் போய் எளாவூர்ப் பக்கமே தங்கிவிட்டவர், வருவார், போவார். முடிவெடுக்க வேண்டியது அம்மாதான்.

"அவளுக்கு ஆசன்னா போவட்டும் டீச்சரம்மா. எனக்கு ஜோடி வேணுமே. சின்னத இஸ்கோல்லருந்து நிறுத்திட்டு ஏரிக்கு இட்டுகினு போறேன். வேற இன்னா பண்றது?" என்றாள்.

சின்னது என்றால் நான். ஏரிக்குப் போகிற பெண்களின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். ஊறி வெளுத்து, மட்டிச் சிப்பி கிழித்த கோடுகளோடு இருக்கும். முட்டியில் தோலே இருக்காது. அதற்கு மேலே, அந்த வருஷம்தான் என்னைக் கிளாஸ் லீடர் ஆக்கியிருந்தார்கள். பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுகிற அதிகாரம் எனக்கு. இவ்வளவு சின்ன காரணத்துக்கா என்று கேட்கலாம். ஒன்பது வயதில் அது சின்ன காரணம் இல்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ அவகிட்ட கேளு. எங்க ஸ்கூலுக்கு வர்றாளான்னு கேளு. பிடிக்காத பிள்ளையை நான் பலவந்தமா கூட்டிட்டுப் போக மாட்டேன்."

நான் ஒழுங்காகத்தான் கேட்டேன். அதுவரை நான் பொய் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கண்ணால் டீச்சரைக் காட்டினேன், ஆல்பத்தைக் காட்டினேன், ரோட்டுப் பக்கம் தலையை அசைத்தேன், புருவத்தை ஏற்றினேன். அக்கா படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, முகவாயை அந்த ஆல்பத்தின் பக்கம் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

போதும், கரையேறலாம் என்றாள்.

"வரமாட்டாளாம். பயமாக்கீதாம்," என்றேன் நான்.

சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அம்மா குனிந்து, கழற்றிப் போட்ட பறியின் கயிற்றைச் சுருட்டினாள். டீச்சர் ஆல்பத்தை மூடினார். "பரவாயில்ல, அவசரம் இல்ல. அடுத்த வருஷம் வந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷம் அவர் வரவில்லை. ஏன் என்று தெரியாது.

அவர் போவதைப் பார்த்து அக்கா என் பக்கம் திரும்பினாள். ஏன் போகிறார் என்று கேட்டாள். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். நான் அவளை உச்சியிலிருந்து கால்வரை கண்ணால் அளந்து, உதட்டைப் பிதுக்கினேன். நீ ரொம்ப வளர்ந்துட்ட, வயசு அதிகம், உன்னை வேணாம்னு சொல்லிட்டாங்க. அவள் நம்பவில்லை. என்னையா என்று மறுபடி கேட்டாள். ஆமாம், உன்னைத்தான் என்றேன். அவள் அழவில்லை. இறாலைக் கொட்டி ஆய்வதற்கு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த இரண்டாவது பொய்தான் அவளை அதிகம் தின்றது. பிறகு நான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், குற்ற உணர்ச்சியால்தான். சிலேட்டைத் தள்ளிவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். என்னைத்தான் வேணாம்னுட்டாங்களே. பேனாவைக் கொடுத்தாலும் அதே உதடு. ரேஷன் அட்டைக்குக் கைநாட்டு வைக்கும்போது, பக்கத்து வீட்டில் டி.வி. வந்தபோது, நான் முதல் செல்போன் வாங்கிக்கொண்டு போய்க் காட்டியபோது, எல்லாவற்றுக்கும் அந்த உதடு. இதெல்லாம் வேண்டியவர்களுக்கு, எனக்கு இல்லை என்று அர்த்தம். நான் அன்றைக்குச் செய்துகாட்டிய அதே முகத்தை அவள் எனக்கே திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள், அது என்னுடையது என்று அவளுக்கு ஞாபகமே இல்லாமல்.

என் சீருடையை அவள்தான் துவைப்பாள். சோற்றை டப்பாவில் அடைத்து பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுவந்து கொடுப்பாள். டீச்சர் டிரெயினிங் முடித்து நான் வேலைக்குப் போன முதல் நாள், தெரு முழுக்கப் போய்ப் புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பெருமை அடித்துக்கொண்டாள். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவோடு ஏரிக்குப் போனாள், வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா படுத்த படுக்கையானாள். ஒரு மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஏரிக்குப் போயிருந்தாள்.

"அன்னிக்கி நானும் பாத்தன்டி," என்றாள் அம்மா, எந்த முன்பேச்சும் இல்லாமல்.

"எத்தம்மா?"

"அந்த டீச்சரம்மா வந்தாங்களே. பெரிசு வாயத் தொறந்து காட்டுச்சே. நானும் பாத்தன். தெருவே பாத்துச்சு."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். "அப்ப இன்னாத்துக்கு நீ சொல்லல?"

"ரெண்டு பேர்ல ஒருத்திதான் கரையேற முடியும். எந்த ஒருத்தின்னு என் வாயால சொல்ல வரல. நீ சொல்லிட்ட. சரின்னு உட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை இன்னும் அடக்க முடியவில்லை. இவ்வளவு வருஷம் அந்தப் பாரத்தை நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பார்த்துக்கொண்டு நின்ற பெரிய மனுஷிகள் ஏழெட்டுப் பேர், பெற்றவள் ஒருத்தி. ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் அதைப் போட்டுவிட்டு நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு ஒருத்தி, ஒரே ஒருத்தி, "ஏய், புளுகாதடி" என்று என் முதுகில் ஒன்று வைத்திருந்தால் போதுமே. இதை அம்மாவிடம் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. கஞ்சிகூட இறங்காத உடம்பிடம் என்ன கத்துவது?

"அவகிட்ட சொல்லிடு. அவங்க வேணான்னாங்கன்னே நெனச்சினுகீது அது," என்றாள். நாலு நாளில் போய்விட்டாள்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உடனே ஒரு சாக்கும் கிடைத்தது. எந்த மொழியில் சொல்வது? எங்கள் முகப்பேச்சில் இன்றைக்கு உண்டு, நாளைக்கு உண்டு. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளைக் காட்ட ஒன்றும் கிடையாது. மன்னிப்பு என்பதற்கு ஒன்றும் கிடையாது. முறையான சைகை மொழியை நான் கற்றுக்கொண்டு, அவளுக்கும் கற்றுக்கொடுத்து, பிறகு அதில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒத்திப்போடுவதற்கு இதைவிட மரியாதையான வழி இருக்க முடியாது.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் தேடினேன். தமிழில் கிடைத்த புத்தகம் மிகக் குறைவு. வீடியோ கொட்டிக் கிடந்தது. இந்திய சைகை மொழிக்கு ஒரு அகராதியே போனில் இருக்கிறது. ஒரு வார்த்தையை அடித்தால் ஒரு பெண் வெறும் சுவருக்கு முன்னால் நின்று அதைச் செய்துகாட்டுகிறாள். மீன் என்று அடித்தேன், வந்தது. இறால் என்று அடித்தேன், நான் தேடிய அன்றைக்குக் கிடைக்கவில்லை. எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுகிறார்கள்; ஆங்கில உயிரெழுத்து ஐந்துக்கும் இடது கையின் ஐந்து விரல் நுனி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நான் விரலைத் தொட்டுத் தொட்டு ஏதோ ஜெபம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

உலகம் முழுக்க ஒரே சைகை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாயால் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் இந்த ஊர்க் காது கேளாதவர் பேசுவது அந்த ஊர்க்காரருக்கு விளங்காது. ஜப்பானுக்கு வேறு, பிரான்சுக்கு வேறு. நம் நாட்டிலேயே சென்னையில் காட்டுவது ஒன்று, வடக்கே காட்டுவது ஒன்று என்று பல இடங்களில் மாறுகிறது. சில தீவுகளிலும் கிராமங்களிலும் காது கேட்காதவர்கள் நிறையப் பிறந்ததால், காது கேட்கிறவர்களும் சேர்ந்தே சைகையில் பேசியிருக்கிறார்கள். அங்கெல்லாம் யாரும் யாருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமைகளில் சென்னையில் ஒரு வகுப்புக்கும் போனேன். சொல்லிக்கொடுத்தவருக்குக் காது கேட்காது. உள்ளே நுழைந்தால் ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது விதி. மற்றவர்கள் எல்லாரும் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு முகத்தைக் கல்லாக வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொருத்தராகத் தட்டி, முகம், முகம் என்று காட்டுவார். சைகை மொழியில் பாதி முகத்தில்தான் இருக்கிறதாம். எந்த நாட்டிலும் அப்படித்தானாம். என்னிடம் வந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போர்டில் எழுதினார்: "முகம் பிரமாதம். கைதான் சோம்பேறி. எங்கே கற்றீர்கள்?" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் அக்காவிடம் என்று எழுதினேன். உங்கள் அக்கா என்ன படித்திருக்கிறார் என்று எழுதிக் கேட்டார். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தேன். முதலில் வழக்கமான உதடுதான். ஒரு நாள் ஏதோ ஒரு நாட்டின் கிழவி ஒருத்தி கையாலேயே தன் புருஷனைத் திட்டித் தீர்க்கும் வீடியோவைக் காட்டினேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். மூக்கு வழியாகச் சிரித்தாள். மறுபடி மறுபடி அதையே போடச் சொன்னாள். இவங்களும் இறால் பிடிப்பாங்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளே போனுக்குக் கை நீட்ட ஆரம்பித்தாள்.

அவள் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கெளுத்தி முள் ஏறிய ஒரு சுண்டுவிரல் நிமிரவே நிமிராது. மற்றவை கணுக்கணுவாக வீங்கிப் போயிருந்தன. ஐந்து வினாடி வீடியோவுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயதில் இந்த விரல்கள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும். அவள் விரலை ஒவ்வொன்றாக நான்தான் மடக்கி நிமிர்த்தினேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன். இன்னும் பத்து சைகை கற்றுக்கொள்ளட்டும் என்று திரும்பி வருவேன். நாற்பது, ஐம்பது என்று ஆகியும் நான் சொல்லவில்லை.

போன மாசி மாதம் அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காது கேளாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிற ஒரு இடத்தை என் வகுப்பு ஆசிரியர் சொல்லியிருந்தார். ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினார்கள், வம்பு வளர்த்தார்கள். அக்கா சுவரோரமாக நின்று, எல்லா முகத்தையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். தன்னைப் போல இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்கு நேரில் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா வயதுதான். எண்ணூர்ப் பக்கம் மீனவக் குடும்பம், இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் சொன்னதை நான் அக்காவுக்கு முகத்தில் மாற்றிச் சொன்னேன். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் சொன்னது அதே பள்ளி. நீலச் சீருடை. கட்டிலுக்குக் கீழே பெட்டி. எத்தனை வயதில் சேர்ந்தாய் என்று அக்காவே கேட்டாள், நான் கற்றுக்கொடுத்த கையால். அந்தப் பெண் விரலைக் காட்டினாள். பதிமூன்று.

அக்காவுக்கு எண்ணத் தெரியும். ஏரிக்காரிகளுக்கு எண்ணாமல் பிழைப்பு இல்லை.

திரும்பும்போது லோக்கல் டிரெயினில் எதிரெதிரே உட்கார்ந்தோம். திருவொற்றியூர்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் முட்டியைத் தட்டினாள். அவ பதிமூணு. நான் பன்னெண்டு. எனக்கு எப்படி வயசு அதிகம்?

நான் ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த சைகை ஒன்றுகூட எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் முகப்பேச்சிலேயே எல்லாம் இருந்தது. நீ வாயைத் திறந்தாய். முகவாயைத் தூக்கினாய். நான் டீச்சர் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையை ஆட்டினேன். டீச்சர் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இவ்வளவுதான். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் முடிந்துவிட்டது. இதற்காகவா இத்தனை வருஷம் என்று இருந்தது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். மறுபடி செய்துகாட்டச் சொன்னாள். செய்தேன். நான் அழுததில் முகம் குழறியிருக்கும்; மூன்றாவது தடவையும் கேட்டாள். அதையும் செய்தேன். எதிர்ப் பலகையில் இருந்த ஒரு அம்மாள் எனக்கு வலிப்பு வருகிறது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மூன்றாவது தடவை முடிந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். காது கேட்காதவள் கண்ணையும் மூடிக்கொண்டால் அவளிடம் பேச ஒரு வழியும் இல்லை. மீஞ்சூர் போனது, அனுப்பம்பட்டு போனது, பொன்னேரி வந்து நான் தோளைத் தொடும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. பழவேற்காடு பஸ்ஸில் தனியாக ஏறினாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அவள் என்னை அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். தெருவில் இழுத்து வைத்து நாலு பேர் முன்னால் நாறடித்திருக்கலாம். நான் அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன். அவள் செய்தது வேறு. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மீன் வாங்கி வைத்திருக்கிறாள், சோறு போடுகிறாள். என் பிள்ளைகளைக் கொஞ்சுகிறாள். என்னிடம் மட்டும் கையால் பேசுகிறாள், நான் கற்றுக்கொடுத்த அந்த ஐம்பது சைகையில். வா, உட்கார், சாப்பிடு, தண்ணீர், பஸ் வந்துவிடும், போ. விரல் நிமிராவிட்டாலும் ஒரு தப்பில்லாமல் செய்கிறாள். முகம் அசைவதில்லை.

போன வாரம் நான் போனபோது பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தாள் போல. மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் ஆடியது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் நின்றது. உட்கார் என்று கை காட்டினாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பேச்சில், எங்கள் முகத்தில், என்னால் முடிந்ததையெல்லாம் சொன்னேன். என்னைத் திட்டு. அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. பயமாக இருந்தது. இன்றைக்கும் பயமாக இருக்கிறது. நீ என்னோடு பேசாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தையையும் விடாமல், நான் முடிக்கும்வரை பார்த்தாள்.

பிறகு என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு, நிதானமாக, அகராதியில் இருக்கிற பெண்ணைப் போல ஒவ்வொரு அசைவாகச் செய்தாள். புரியவில்லை என்றாள்.